கரும்புச் சக்கையிலிருந்து செல்லுலேஸ்: பூஞ்சை வளர்த்து நொதி எடுக்கும் முழு வழிகாட்டி

"எங்க ஊர்ல கரும்புச் சக்கை மலையா குவிஞ்சு கிடக்கு. இதுல என்ன என்சைம் எடுக்கலாம்?" கல்லூரி ஆய்வகத்தில் இருந்த நாளிலிருந்து என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கேள்வியே தலைகீழாக இருக்கிறது. நொதியை யார் வாங்கப் போகிறார்கள், எதில் ஊற்றப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஏற்ற பூஞ்சை அடுத்து. கழிவைத் தேடுவது கடைசி வேலை.

சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஆலைகளில் மரவள்ளியை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியில் ஸ்டார்ச் இன்னும் நிறைய இருக்கிறது. அதில் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே வளர்த்தால் அமைலேஸ் கிடைக்கும். நெசவுத் துணியின் கஞ்சியைக் கரைத்து எடுக்க அதுதான் வேண்டும். பழச்சாறு தெளிய பெக்டினேஸ். கோழித் தீவனத்தில் சேர்க்க ஃபைட்டேஸ். தோலிலிருந்து முடி உதிர்க்க புரோட்டியேஸ். ஒவ்வொன்றுக்கும் பூஞ்சை வேறு, பதம் வேறு. எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் அடைத்தால் ஒன்றும் உருப்படியாக வராது என்பதால் இங்கே தாவர நாரான செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் 'பயோ வாஷ்' என்று சொல்வார்களே, அதில் பனியன் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு இழைகளைத் தின்று துணியை வழவழப்பாக்குவது இந்த நொதிதான்.

நாம் பின்பற்றப்போவது திடநிலை நொதித்தல். இட்லி மாவு புளிப்பது நீருக்குள் நடக்கிற வேலை. ஈர வைக்கோலில் காளான் முளைப்பது திடநிலையில் நடப்பது. பூஞ்சைக்கு இரண்டாவதுதான் சொந்த வீடு. ஜப்பானியரான தகாமினே ஜோகிச்சி 1894-லேயே கோதுமைத் தவிட்டில் பூஞ்சை வளர்த்து, ஸ்டார்ச்சை உடைக்கும் டயஸ்டேஸ் எடுக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். அது 'டாகா டயஸ்டேஸ்' என்ற பெயரில் செரிமான மருந்தாக விற்றது. தவிடு, தட்டு, ஈரம், சூடு என்று அவர் மல்லுக்கட்டிய அதே நான்கோடுதான் நாமும் மல்லுக்கட்டப் போகிறோம்.

பூஞ்சையைத் தேர்ந்தெடுப்பது

நமக்கு வேண்டியது டிரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் இற்று விழுந்தன. அங்கிருந்து பிரித்தெடுத்த பூஞ்சைதான் கியூ.எம். 6ஏ. துணி மட்குவதை நிறுத்த வழி தேடிப் போனவர்கள், துணியை மட்கச் செய்யும் நொதியையே பயனுள்ள பொருளாகக் கண்டுகொண்டார்கள். நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ரீஸின் பெயர்தான் 1977-இல் பூஞ்சைக்கு வைக்கப்பட்டது. இப்போது ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் ரட் சி-30 என்பது இதே பூஞ்சையிலிருந்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய திரிபு. குளுக்கோஸ் இருந்தாலும் நொதி சுரப்பதை அவ்வளவாக நிறுத்தாது என்பது அதன் சிறப்பு.

உரக்கடையில் விதைநேர்த்திக்கு விற்கும் டிரைக்கோடெர்மா விரிடி பாக்கெட்டைப் பயன்படுத்தலாமா என்று கேட்காத மாணவரே இல்லை. அது வேர் அழுகலைத் தடுக்கும் இனம். செல்லுலேஸ் கொஞ்சம் சுரக்கும்தான், ஆனால் டால்க் மாவில் கலந்து வரும் அந்தப் பொடியில் வேறு என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி., புனேயில் உள்ள என்.சி.ஐ.எம். ஆகிய நுண்ணுயிர் சேகரிப்பு மையங்களில் இருந்து தூய வளர்ப்பை வாங்குங்கள்.

வந்ததும் உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்ற கூழ் ஊடகத்தில் சாய்குழாய் (சாய்வாக உறையவிட்ட சோதனைக் குழாய்) போட்டு, 28 முதல் 30 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் வையுங்கள். முதலில் வெள்ளையாகப் படரும், அப்புறம் பச்சைப் பொடி பூக்கும், அகாரில் லேசாக மஞ்சள் நிறம் இறங்கும். பச்சைதான் ஸ்போர், அதாவது பூஞ்சையின் வித்து. இரண்டு குழாய்களைத் தொடாமல் குளிர்பெட்டியில் எடுத்து வைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப மறுவளர்ப்பு செய்யச் செய்ய நொதி சுரக்கும் திறன் தேயும். எதனால் குறைந்தது என்று தெரியாமல் விழிக்கும் நாளில் அந்த இரண்டு குழாய்தான் கைகொடுக்கும்.

சக்கையும் தவிடும்

ஆலையிலிருந்து வரும் சக்கையில் சர்க்கரை மிச்சம் இருக்கும். நாவில் வைத்தால் இனிக்கிறதென்றால் ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்து என்று பொருள். எளிதான சர்க்கரை கையில் இருக்கும்போது பூஞ்சைக்கும் செல்லுலேஸ் சுரக்க அவசியம் இல்லை. உழைக்காமல் சோறு கிடைத்தால் யார்தான் உழைப்பார்கள்? வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி, 60 டிகிரியில் அல்லது நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். அரைத்து அரை மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை உள்ள துகளைச் சலித்தெடுங்கள். மாவாக அரைத்துவிட்டால் களியாக ஒட்டிக்கொண்டு காற்று புகாது. பெரிய துண்டாக விட்டால் பூஞ்சை மேலோட்டமாக மட்டும் படரும்.

குவியலில் கிடந்து பூசணம் பிடித்த சக்கையை எடுக்காதீர்கள். அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் பகாசோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். அரைக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

சக்கை மட்டும் போட்டால் பூஞ்சை பட்டினி கிடக்கும். அதில் நைட்ரஜன் மிகக் குறைவு. ஆகவே 3 கிராம் சக்கைக்கு 2 கிராம் கோதுமைத் தவிடு கலக்கிறேன். புரதமும் தாது உப்புகளும் தவிட்டில் இருக்கின்றன; சக்கை கலவைக்கு நடுவே காற்றுக்கு வழி விடுகிறது. சக்கையை 1 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் இரவு முழுக்க ஊறவைத்து, செல்லுலோஸைச் சுற்றி இறுக்கியிருக்கும் லிக்னினைத் தளர்த்தும் பழக்கமும் உண்டு. பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கழுவக் கழுவக் கருப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், அதைச் சமன்படுத்தி வெளியேற்றுவது தனி வேலை. முதல் முறை செய்கிறவர் இதை விட்டுவிடலாம்.

ஈரப்பதம்

பாதிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். அதனால் கணக்கோடு சொல்கிறேன். குறி 65 சதவீதத்தை ஒட்டிய ஈரம். 250 மில்லி கூம்புக் குடுவையில் 5 கிராம் கலவை போடுகிறோம். 'காய்ந்தது' என்று நாம் சொன்னாலும் அதில் 10 சதவீதம் ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது உலர்பொருள் 4.5 கிராம், தண்ணீர் 0.5 கிராம். இதில் 8.5 மில்லி திரவம் சேர்த்தால் மொத்தத் தண்ணீர் 9 கிராம், மொத்த எடை 13.5 கிராம். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், சரியாக வருகிறது. இந்த 8.5-க்குள் பின்னால் ஊற்றப்போகும் ஸ்போர் கரைசலின் 1 மில்லியும் அடக்கம் என்பதை மறந்துவிடுவார்கள். எனவே இப்போது ஊற்ற வேண்டியது 7.5 மில்லிதான்.

கைப்பக்குவம் வேண்டுமென்றால் புட்டு மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் துகள்களுக்கு இடையில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் அடைத்துவிட்டது என்று அர்த்தம். பூஞ்சைக்கு மூச்சு முட்டும், பாக்டீரியா கொண்டாடும்.

வெறும் தண்ணீருக்குப் பதில் மேண்டல்ஸ் தாது உப்புக் கரைசலை ஊற்றுங்கள். 1 லிட்டருக்கு அம்மோனியம் சல்பேட் 1.4 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 கிராம், யூரியா 0.3 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.3 கிராம், கால்சியம் குளோரைடு 0.3 கிராம். இவற்றோடு இரும்பு சல்பேட் 5 மில்லிகிராம், மாங்கனீசு சல்பேட் 1.6, துத்தநாக சல்பேட் 1.4, கோபால்ட் குளோரைடு 2 மில்லிகிராம். கால்சியத்தைத் தனியாகக் கரைத்துக் கடைசியில் சேர்க்கவும், இல்லாவிட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். பி.எச். 5-லிருந்து 5.5-க்குள் இருக்கட்டும்.

எத்தனை குடுவை? இரண்டாம் நாளிலிருந்து எட்டாம் நாள்வரை நாளுக்கு மூன்று என்று 21. பூஞ்சை போடாமல் வைக்கும் ஒப்பீட்டுக் குடுவை மூன்று. ஆக 24. ஒரே குடுவையைத் தினமும் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். திறந்த குடுவை கெட்ட குடுவை.

பஞ்சு அடைத்து, மேலே தாள் கட்டி, ஆட்டோகிளேவில் (பிரஷர் குக்கர் போன்ற நீராவிக் கலன்) 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 30 நிமிடம். தவிட்டில் வெப்பம் தாங்கும் பாசில்லஸ் ஸ்போர்கள் வரும் என்பதால் நான் 45 நிமிடம் வைப்பது வழக்கம். ஆறியதும் குடுவையைத் தட்டிக் கட்டிகளை உடைத்துவிடுங்கள்.

வித்து இடுவது

ஏழு நாள் சாய்குழாயில் 0.1 சதவீத ட்வீன் 80 (சோப்பு போல நனைக்கும் பொருள்) கலந்த கிருமி நீக்கிய நீரை 10 மில்லி ஊற்றி, வளைகம்பியால் மெதுவாகச் சுரண்டுங்கள். வெறும் நீர் ஸ்போர் மேல் ஒட்டாமல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். ட்வீன் அதற்காகத்தான்.

எண்ணிக்கைக்கு ஹீமோசைட்டோமீட்டர், அதாவது நுண்ணோக்கியில் வைத்து எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடி. கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து, ஒரு மில்லிமீட்டர் பெரிய கட்டத்தில் சராசரி 50 ஸ்போர் தெரிந்தால், 50 × 10 × 10,000 = மில்லிக்கு 50 லட்சம். இதில் 1 மில்லியை 5 கிராம் குடுவையில் இட்டால் கிராமுக்கு 10 லட்சம். போதும். குறைவாக இட்டால் பூஞ்சை இடம்பிடிப்பதற்குள் வேறு எதாவது குடியேறிவிடும்.

வேலை முழுவதும் வடிகட்டிய காற்று வீசும் லேமினார் மேடையில், சுடருக்குப் பக்கத்தில். இட்டபின் குடுவையைச் சுழற்றிக் கலக்கி, 28–30 டிகிரியில் வைத்துவிடுங்கள்.

எட்டு நாள் காவல்

முதல் 24 மணி நேரம் ஒன்றுமே தெரியாது. பயப்பட வேண்டாம். 36 மணி நேரத்துக்குப்பின் கண்ணாடி ஓரமாக வெள்ளை நூல்கள் தெரியும். குடுவையின் உள்சுவரில் முத்து முத்தாக நீர் கோக்கும். அது பூஞ்சை மூச்சுவிடுகிற அடையாளம். மூன்றாம் நாள் கலவை முழுக்க நூலால் கட்டுண்டு, குடுவையைச் சாய்த்தால் அடை மாதிரி மொத்தமாக நகரும். நான்கைந்து நாளில் பச்சை பூக்கத் தொடங்கும். நொதி உச்சம் தொடுவது பெரும்பாலும் நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில். உங்கள் சக்கைக்கு, உங்கள் அறைக்கு அது எந்த நாள் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் 21 குடுவை. உச்சத்துக்குப்பின் பூஞ்சையின் சொந்த புரோட்டியேஸே (புரதத்தை உடைக்கும் நொதி) நம் நொதியைத் தின்னத் தொடங்கும்.

மண் வாசனை வந்தால் நல்லது. புளித்த வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் பாக்டீரியா. மஞ்சள் கலந்த பச்சையில் சொரசொரப்பாக ஏதாவது வந்தால் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்று சந்தேகப்படுங்கள். அஃப்ளாடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும் பூஞ்சை அது. திறக்காமல் அப்படியே ஆட்டோகிளேவில் போட்டுவிடுங்கள்.

எனக்கு வாய்த்தது ஆரஞ்சு. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு குடுவையின் பஞ்சு மட்டும் இளம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. 'திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டுப் போனேன். அது நியூரோஸ்போரா என்ற பூஞ்சை. திங்கட்கிழமை அந்த அலமாரியே ஆரஞ்சாகிவிட்டிருந்தது. ரப்பர்ப் பொடி மாதிரி எங்கும் ஸ்போர். ஒரு மாத வேலை குப்பைக்குப் போனது, அறையைப் புகையூட்டிக் கழுவிய பிறகும் இரண்டு முறை திரும்பி வந்தது. பஞ்சில் நிறம் தெரிந்தால் அந்த நிமிடமே வெளியேற்றுங்கள்.

குடுவையிலிருந்து தட்டுக்கு

குடுவையில் வெற்றி கண்டவர்கள் அடுத்து ஒரு கிலோவைத் தட்டில் கொட்டி ஏமாறுவார்கள். ஈரத்தோடு போட்ட வைக்கோல் போருக்குள் கை விட்டிருக்கிறீர்களா? அதே சூடுதான் இங்கேயும். வளரும் பூஞ்சை வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். சக்கையும் தவிடும் வெப்பத்தைக் கடத்தாத பொருட்கள். 5 கிராமில் அது கண்ணாடி வழியாக வெளியேறிவிடும். தட்டில் நடுப்பகுதி 40 டிகிரியைத் தாண்டிவிடும். நம் பூஞ்சைக்கு 30 தான் பிடிக்கும். ஓரம் பச்சை, நடுவில் வளர்ச்சியே இல்லாத பழுப்பு வட்டம் என்றால் காரணம் இதுதான்.

படுகையின் உயரம் 3 செண்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். அடியில் துளையிட்ட தட்டு நல்லது. நடுவில் ஒரு வெப்பமானியைச் செருகி வையுங்கள், அறையின் வெப்பமானியை நம்பாதீர்கள். குளிர்விக்க மின்விசிறி வைத்தால் சூடு இறங்கும், கூடவே ஈரமும் போய்விடும். எனவே தண்ணீருக்குள் குமிழவிட்டு ஈரமாக்கிய காற்றைத்தான் செலுத்த வேண்டும். கிளறிவிடலாம், ஆனால் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். கிளறும்போதெல்லாம் நூல்கள் அறுபடுகின்றன.

உலகின் பெரிய நொதி நிறுவனங்கள் பெரும்பாலும் திரவத் தொட்டிகளில் வளர்ப்பதற்கு இந்த வெப்பமே முக்கியக் காரணம். தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடவிட்டால் அங்கே வேலை முடிந்தது. கழிவு இலவசம் என்பதால் நொதியும் மலிவாக விழும் என்று கணக்குப் போடுகிறவர்கள், சூட்டை வெளியேற்றும் செலவை எழுத மறந்துவிடுகிறார்கள்.

பிழிந்தெடுப்பது

பி.எச். 4.8 உள்ள 0.05 மோலார் சிட்ரேட் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) சிறிது ட்வீன் 80 கலந்து, உலர்பொருளுக்குப் பத்து மடங்கு ஊற்றுங்கள். நமக்கு 45 மில்லி. கண்ணாடிக் கோலால் அடையை உடைத்து, 30 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்கி, மஸ்லின் துணியில் பிழிந்து, குளிரில் நிமிடத்துக்கு 8,000 சுற்றில் 15 நிமிடம் மையவிலக்கு. மேலே நிற்கும் கடுங்காப்பி நிறத் தெளிவுதான் உங்கள் நொதி. உடனே ஐஸில் வையுங்கள். முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள், குடுவையைத் திறக்கும்போது கோடிக்கணக்கில் ஸ்போர் பறக்கும்.

அளவிடுவது

அளக்காத நொதி வெறும் பழுப்புத் தண்ணீர். செல்லுலேஸுக்கு உலகெங்கும் புழங்கும் அளவு 'வடிதாள் அலகு', ஆய்வகப் பேச்சில் எஃப்.பி.யு. 1 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளமுள்ள வாட்மேன் எண் 1 தாள் 50 மில்லிகிராம் இருக்கும். அதைச் சுருட்டிச் சோதனைக் குழாயில் இட்டு, 1 மில்லி சிட்ரேட் பஃபர், 0.5 மில்லி நொதி ஊற்றி, 50 டிகிரியில் சரியாக 60 நிமிடம் வையுங்கள். அப்புறம் சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் டி.என்.எஸ். கரைசலை 3 மில்லி ஊற்றி, கொதிக்கும் நீரில் 5 நிமிடம். மஞ்சள் சிவப்பாக மாறும். குளிர்வித்து, நீர்த்து, 540 நானோமீட்டரில் படியுங்கள்.

ஒப்பிட்டுக் கழிக்க மூன்று வெற்றுக் குழாய்கள் வேண்டும்: பஃபர் மட்டும், தாள் மட்டும், நொதி மட்டும். மூன்றாவதை விட்டுவிடுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு. பிழிந்த சாற்றிலேயே சர்க்கரை இருக்கிறது. அதைக் கழிக்காமல் விட்டால் நொதி அமோகமாக இருப்பதாகத் தோன்றும். குளுக்கோஸ் நியமக் கோட்டையும் (தெரிந்த அளவு குளுக்கோஸுக்கு நிறம் எவ்வளவு என்று காட்டும் கோடு) அதே பஃபரில்தான் வரைய வேண்டும்.

இனி கணக்கு. நொதியைப் பல அளவில் நீர்த்து, எந்த நீர்ப்பில் சரியாக 2 மில்லிகிராம் குளுக்கோஸ் வெளியாகிறது என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கான நிலையான எண் 0.37-ஐ அந்தச் செறிவால் (நீர்த்ததில் நொதிச் சாற்றின் பங்கு) வகுத்தால் மில்லிக்கு எத்தனை அலகு என்று வரும். பாதியாக நீர்த்ததில் 2 மில்லிகிராம் வந்தால் 0.37 ÷ 0.5 = 0.74. மொத்தச் சாறு 54 மில்லி (45 மில்லி பஃபரோடு கலவையில் இருந்த 9 மில்லியையும் சேர்க்க வேண்டும்). 54 × 0.74 ஏறத்தாழ 40 அலகு. 4.5 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 9-ஐ ஒட்டி. இது கணக்கு விளங்க நான் போட்ட எடுத்துக்காட்டு, உங்கள் எண் வேறாக இருக்கும். நீர்க்காத சாறே 2 மில்லிகிராமை எட்டவில்லை என்றால் அதை எஃப்.பி.யு. என்று எழுதாதீர்கள். தாள் கரையும் வேகம் நொதியின் அளவுக்கு நேர்விகிதத்தில் ஓடுவதில்லை, பெருக்கிக் காட்டும் எண் பொய்யாகிவிடும்.

இன்னொன்று: செல்லோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரையைக் குளுக்கோஸாக உடைக்கும் பீட்டா குளுக்கோசிடேஸை டிரைக்கோடெர்மா கஞ்சத்தனமாகத்தான் சுரக்கும். அதனால் செல்லோபயோஸ் தேங்கி மற்ற நொதிகளை முடக்கும். வைக்கோலை முழுக்கச் சர்க்கரையாக்கி எத்தனால் எடுப்பது உங்கள் எண்ணமென்றால், இன்னொரு தட்டில் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் வளர்த்து அதன் சாற்றைக் கலக்க வேண்டும். துணிக்கு இது தேவையில்லை.

செறிவாக்கலும் துணியில் சோதனையும்

ஆய்வுக்குத் தூய நொதி வேண்டுமானால் 0 டிகிரியில் லிட்டருக்கு 516 கிராம் அம்மோனியம் சல்பேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து 80 சதவீதச் செறிவுக்குக் கொண்டுபோங்கள். படிவை எடுத்துக் கொஞ்சம் பஃபரில் கரைத்து, உப்பை வெளியேற்ற சவ்வுப் பையில் டயாலிசிஸ் செய்யலாம். துணிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், 10 கிலோடால்டன் சவ்வில் (நொதியைத் தடுத்து, நீரையும் சிறு மூலக்கூறுகளையும் விடும் வடிசவ்வு) வடித்துச் செறிவாக்கினால் போதும். 4 டிகிரியில் வைத்து வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஒரு பருத்திப் பனியன் துண்டை உலர்த்தி எடை போடுங்கள். பி.எச். 5, 50 முதல் 55 டிகிரி, 45 நிமிடம் நொதியில் குலுக்குங்கள். முடிந்ததும் 80 டிகிரிக்குச் சூடேற்றி 10 நிமிடம் வைத்தால் நொதி செத்துவிடும். இதை மறந்தால் துணி இற்றுப்போகும் வரை அது தின்றுகொண்டே இருக்கும். கூடாரத்தைத் தின்ற பூஞ்சையின் நொதி அல்லவா. மீண்டும் உலர்த்தி எடை பாருங்கள். எடை இழப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் நொதியைக் குறையுங்கள், துணி பலமிழக்கிறது. கருப்புத் துணியில் சோதித்தால் பஞ்சு போனது கண்ணுக்கே தெரியும்.

பிழிந்து மிஞ்சிய சக்கை உயிருள்ள ஸ்போர் நிறைந்த பொருள். அப்படியே தோட்டத்தில் கொட்டக் கூடாது. இன்னொரு முறை ஆட்டோகிளேவில் ஏற்றி, ஆறியபின் சாணத்தோடு கலந்து மக்குக் குழியில் போடுங்கள். பூஞ்சை ஏற்கெனவே பாதி தின்றுவிட்டதால் பச்சைச் சக்கையைவிட இது சீக்கிரம் மட்கும்.